தொலைவு சாட்சி சொல்லாது: வீடு தேடும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் மெய்ம்மை குறித்து

சிறிய விமானம் ஒன்று பனிமலைகளுக்கு நடுவே தரையிறங்குகிறது. ஓர் இணையரும் வீட்டுத் தரகர் ஒருவரும் இறங்கி நடக்கிறார்கள். மூன்று வீடுகள் காட்டப்படுகின்றன. ஒன்றில் தண்ணீர்க் குழாய் இல்லை. இன்னொன்றின் கழிப்பறை வெளியே மரங்களுக்கிடையில் இருக்கிறது. மூன்றாவது கையிருப்பை மீறிய விலை. கணவருக்குக் காடு வேண்டும். மனைவிக்கு ஊர் அருகில் இருக்க வேண்டும். விளம்பர இடைவேளைக்குப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாதங்கள் கழிந்ததாகச் சொல்லப்பட்டு, அதே வீட்டின் முன் விறகு பிளந்துகொண்டிருக்கும் அவர்களைக் காண்கிறோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2012இல் தொடங்கிய ‘பையிங் அலாஸ்கா’ இந்த வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இதே அச்சில் நிகழ்ச்சிகள் வார்க்கப்பட்டன. டிஸ்கவரி போன்ற அலைவரிசைகளாலும் இணையத் தளங்களாலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நம் வீடுகளுக்கும் பழக்கமானவை.

இவை எவ்வளவு உண்மை என்ற கேள்வி ஊடகவியல் மாணவர்களிடம் அடிக்கடி எழுகிறது. ‘எல்லாம் நாடகம்’ என்று ஒரு தரப்பு கைகழுவிவிடும். ‘பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி’ என்று மறுதரப்பு கேட்கும். இரண்டு பதில்களும் சிந்தனையைத் தொடங்கும் இடத்திலேயே முடித்துவிடுகின்றன. இந்நிகழ்ச்சிகளில் எது மெய், எது புனைவு என்று பகுத்துப் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கையில் ஒரு முரண் புலப்படுகிறது. இடம் எவ்வளவு தொலைவானதோ அவ்வளவுக்குப் பார்வையாளரின் நம்பிக்கை கூடுகிறது. அதே அளவுக்கு, தேடலை உள்ளபடி படம்பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. இப்பதிவு அந்த முரணைப் பற்றியது.

முதலில் இந்த வடிவத்தின் கதை. எச்ஜிடிவி அலைவரிசையில் 1999இல் தொடங்கிய ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’தான் மூன்று வீடு, ஒரு தேர்வு என்னும் சூத்திரத்தை நிலைநிறுத்தியது. 2012இல், அதில் பங்கேற்ற பெண் ஒருவர் ஒரு வீட்டு அலங்கார வலைப்பூ வழியாகத் தம் அனுபவத்தை வெளியிட்டார். வீட்டை வாங்கி முடிக்கும் நிலைக்கு வந்த பிறகே நிகழ்ச்சிக்குத் தாங்கள் ஏற்கப்பட்டதாகவும், ‘பார்த்த’ மற்ற வீடுகள் நண்பர்களுடையவை, விற்பனைக்கே வராதவை என்றும் அவர் எழுதினார். அலைவரிசை இதை முற்றாக மறுக்கவில்லை. தயாரிப்புக்குரிய கால நெருக்கடியைக் காரணம் காட்டி, வாங்கும் பணியில் வெகுதூரம் முன்னேறியவர்களையே தேடிப் பிடிப்பதாக விளக்கம் அளித்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. வடிவத்தின் தர்க்கமே இதற்கு இட்டுச் செல்கிறது. வீடு வாங்குதல் மாதக்கணக்கில் இழுபடும் காரியம். பேரம் முறியும், கடன் மறுக்கப்படும், ஆய்வாளர் வந்து கூரையில் குறை கண்டுபிடிப்பார், கடைசி நேரத்தில் விற்பவர் மனம் மாறுவார். அரைமணி நேர நிகழ்ச்சியோ கட்டாயம் ஒரு சாவியோடு முடிந்தாக வேண்டும். முடிவை உறுதிசெய்ய ஒரே வழி, முடிந்துபோன ஒன்றைத் தொடக்கத்திலிருந்து மறுபடி நடிக்கச் செய்வது. ஆகவே திரையில் நாம் காண்பது தேடலின் மறுநடிப்பு. வீடு மெய்; வாங்கியது மெய்; வாங்கியவர்களும் மெய். அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் திறந்து கிடந்தன என்பது மட்டும் மெய்யன்று. அந்த ஒன்றுதான் நிகழ்ச்சியின் உயிர்.

வேறு வழியும் இருந்தது என்பதற்குப் பிரித்தானியாவில் சான்று உண்டு. பிபிசியில் 2002 முதல் வரும் ‘எஸ்கேப் டு த கன்ட்ரி’ நிகழ்ச்சியில், நாட்டுப்புறத்தில் வீடு தேடுபவர்கள் பலரும் எதையும் வாங்காமலே விடைபெறுகிறார்கள். ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்ற சொல்லோடு ஒரு நிகழ்ச்சி முடியலாம் என்று ஒப்புக்கொண்டதால், அதற்கு முடிவைப் பொய்யாக்க வேண்டிய தேவை குறைந்தது. அங்கேயும் நடைபாதையில் இருமுறை நடக்கச் சொல்வார்கள், கதவை மறுபடி திறக்கச் சொல்வார்கள். ஆனால் தோல்விக்கு இடமுள்ள வடிவம், தேடலைத் தேடலாகவே விட்டுவைக்க முடிகிறது. வெற்றியை மட்டுமே அனுமதிக்கும் வடிவத்துக்கு அந்த வசதி இல்லை.

இனி தொலைவுக்கு வருவோம். ஒரு பெருநகரத்தின் புறநகரில் இந்த நிகழ்ச்சியை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு நூற்றுக்கணக்கான வீடுகள் உண்டு. படக்குழு காலையில் சென்று மாலையில் திரும்பலாம். மெய்யான தேடலின் ஓரிரு நாள்களையாவது பிடித்துவிட வாய்ப்பிருக்கிறது. அலாஸ்காவில் நிலைமை வேறு. பரப்பில் இந்தியாவின் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7.33 லட்சம். பெரும்பாலான ஊர்கள் சாலை வலைப்பின்னலுக்கு வெளியே இருக்கின்றன. தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை இல்லை. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். சில நூறு பேர் வாழும் குடியிருப்பில், ஒரே வாரத்தில், ஒரே விலை வரம்பில், ஒருவர் விருப்பத்துக்கு ஒத்த மூன்று வீடுகள் விற்பனைக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு? படக்குழுவின் ஒவ்வொரு நாளும் வாடகை விமானம், உறைவிடம், வானிலை என்று செலவாகக் கரையும் இடத்தில், ஒரு குடும்பம் தயங்கித் தயங்கி முடிவெடுக்கும்வரை யார் காத்திருப்பார்கள்? புறநகரில் வசதிக்காகச் செய்யப்படும் மறுநடிப்பு, தொலைவிடத்தில் தவிர்க்க முடியாத தேவையாகிவிடுகிறது.

சரிபார்க்கும் வழியும் தொலைவில் குறுகுகிறது. சொத்து கைமாறும்போது விற்பனை விலையைப் பொதுப்பதிவில் வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மாநிலச் சட்டம் அலாஸ்காவில் இல்லை. உரிமை மாற்றப் பத்திரம் பதிவானால் அதன் நாளைத் தேடிக் காணலாம்; விலையை அப்படிக் காண இயலாது. திரையில் மின்னும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வாளர் விரும்பினால், அதே தரகரிடமும் அதே குடும்பத்திடமும்தான் போய்க் கேட்க வேண்டும்.

தொலைவிடங்களை நோக்கிப் படக்குழுக்கள் போனதற்குக் காட்டின் அழகு மட்டும் காரணமில்லை. 2008இல் அலாஸ்கா, திரைப்படத் தயாரிப்புக்கு வரிச்சலுகைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தகுதியுள்ள செலவில் 30 சதவீதத்தில் தொடங்கும் சலுகை, உள்ளூர்ப் பணியாளரை அமர்த்துதல் போன்ற காரணங்களால் மேலும் உயர்ந்தது. ரியாலிட்டி நிகழ்ச்சிகள் அந்த ஆண்டுகளில் அங்கே பெருகின. 2015இல் திட்டம் முடிவுக்கு வந்தது. ‘மனிதக் கை படாத இறுதி எல்லை’ என்று பின்னணிக் குரல் சொல்லும் நிலத்தை, மாநில வரிச் சட்டம் முன்பே வந்து தொட்டிருக்கிறது.

இப்படி நடிக்கவைப்பது குற்றமில்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சட்டப்படி இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் ‘ட்வென்டி-ஒன்’ உள்ளிட்ட அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டது அம்பலமானது. நாட்டின் நட்சத்திரமாகியிருந்த சார்லஸ் வான் டோரன், 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் சட்டம் திருத்தப்பட்டது. அறிவு, திறமை, அதிர்ஷ்டம் ஆகியவற்றை வைத்து நடக்கும் போட்டிகளில் முடிவை முன்கூட்டியே அமைத்து மக்களை ஏமாற்றுவது குற்றமானது. வீடு தேடுதல் போட்டியன்று. பரிசு இல்லை, தோற்றவர் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தின் வலையில் இது விழாது. சட்டம் கேட்காத கேள்வியை விமரிசனம் கேட்க வேண்டியிருக்கிறது.

தொலைவைச் சாட்சியாக நிறுத்தும் வழக்கம் தொலைக்காட்சிக்கும் மூத்தது. 1922இல் வெளியான ராபர்ட் ஃபிளாஹெர்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தை ஆவணப்பட வகுப்புகளில் எல்லோரும் பார்த்திருப்போம். கனடாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் எடுத்த படம். பனிக்குடிலின் உள்ளே கேமராவுக்கு இடமும் ஒளியும் போதாததால், பாதி திறந்த ஒரு குடில் படத்துக்கென்றே கட்டப்பட்டது. துப்பாக்கி புழங்கத் தொடங்கிவிட்ட காலத்தில் ஈட்டியால் வேட்டை நடத்திக் காட்டப்பட்டது. நானூக்காக வந்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவியல்லர். நியூயார்க்கின் திரையரங்கில் அமர்ந்தவருக்கு இதையெல்லாம் ஐயுறத் தோன்றவில்லை. அவ்வளவு குளிரில், அவ்வளவு தூரத்தில் போய் யார் நாடகம் போடுவார்கள் என்பதே அவருக்குப் போதுமான உத்தரவாதம். நூறு ஆண்டு கழித்தும் அதே உத்தரவாதம்தான் செல்லுபடியாகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் திரையின் நடுவில் ஒரு வீடு இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டின் உள்ளே கேமரா நுழைய வேண்டுமென்றால் சுவரில் பாதியை எடுத்தாக வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ‘பார்வையாளர்கள் ஏமாளிகள் அல்லர், நடிப்பு என்று தெரிந்தே ரசிக்கிறார்கள்.’ ரியாலிட்டி பார்வையாளர்களை ஆராய்ந்த ஆனெட் ஹில் தம் 2005ஆம் ஆண்டு நூலில் காட்டியதும் இதற்கு நெருக்கமானதே: மக்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள், நடிப்பு நழுவி மெய் முகம் தெரியும் கணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இதை நான் ஏற்கிறேன். ஆயினும் அந்த ஐயம் எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். கணவன் மனைவி சண்டையை நாம் ஐயுறுகிறோம். தரகரின் வியப்பை ஐயுறுகிறோம். பின்னால் தெரியும் மலையை, ஆற்றை, விலையை, ‘இங்கே வந்தால் இப்படி வாழலாம்’ என்ற செய்தியை ஐயுறுவதில்லை. ஐயம் மனிதர்களோடு நின்றுவிடுகிறது. இடத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். மனிதர்களைப் பற்றிய சிறு பொய்யைக் கண்டுபிடித்த பெருமிதத்தில், இடத்தைப் பற்றிய பெரிய பொய் நம்மைக் கடந்துபோகிறது.

அந்தப் பெரிய பொய் என்ன? நிலம் முழுவதும் விற்பனைக்குக் காத்திருக்கிறது என்பது. அலாஸ்காவின் நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. கால்பங்குக்குச் சற்றுக் கூடுதல் மாநில அரசுடையது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொல்குடி மக்களின் நிறுவனங்களுக்கு உரியது. எஞ்சிய தனியார் நிலம் ஒரு சதவீத அளவே. தொல்குடிகளுக்கு அந்த நிலமும் எளிதில் கிடைத்ததன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய பழைய உரிமைக் கோரிக்கைகள் அனைத்தையும் முடித்துவைத்து, அதற்கு ஈடாக 4.4 கோடி ஏக்கரையும் 96.25 கோடி டாலரையும் அளித்தது. அவற்றையும் குடிகளிடம் நேராகத் தராமல், பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனங்களின் பெயரில் அளித்தது. இத்தனை பெரிய வழக்கின் நிழல் ஒரு காட்சியிலும் விழாமல், ஒரு சதவீதத்துக்குள் நடக்கும் வணிகம் முழு நிலத்தின் முகமாகிவிடுகிறது.

இரண்டாவது, வாழ்க்கையின் கடினம் அலங்காரமாகிவிடுகிறது. ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சுற்றிக் குழாய் நீர் இல்லாத மரவீடுகள் ஏராளம். ‘ட்ரை கேபின்’ என்பார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பலர் வாடகை குறைவு என்பதால் அவற்றில் வாழ்கிறார்கள். தண்ணீர் நிலையத்தில் கேன்களை நிரப்பி வண்டியில் ஏற்றிவருவார்கள். குளிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ சலவையகத்துக்கோ போவார்கள். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும் குளிர்காலத்திலும் கழிப்பறை வெளியேதான். நிகழ்ச்சியில் இது மனைவியின் ஒரு முகச்சுளிப்பாகவும் நகைச்சுவை இசையாகவும் முடிந்துவிடும். இத்தகைய வீட்டுக்கு வழக்கமான வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது என்பதையோ, நிலத்தடி உறைபனி வீட்டின் வெப்பத்தால் உருகினால் அடித்தளம் அமிழும் என்பதையோ, அரிசி முதல் எரிபொருள் வரை எல்லாவற்றின் விலையிலும் விமானக் கட்டணம் ஒளிந்திருக்கும் என்பதையோ, அருகில் மருத்துவர் இருக்கிறாரா என்பதையோ கேட்க அரைமணி நேரத்தில் இடமில்லை. ஆனால் சமையலறை மேடை கருங்கல்லா என்று கேட்க இடமிருக்கிறது.

வசிப்பது என்றால் என்ன என்று தொலைக்காட்சியைவிட மாநில அரசு கறாராகக் கேட்கிறது. எண்ணெய் வருவாயில் உருவான நிதியத்திலிருந்து அலாஸ்கா 1982 முதல் தன் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்குத்தொகை வழங்குகிறது. அதைப் பெற, அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக வெளியே போனது தவிர, முந்தைய ஆண்டு முழுதும் அங்கே வசித்திருக்க வேண்டும். 2014இல் டிஸ்கவரியில் தொடங்கிய ‘அலாஸ்கன் புஷ் பீப்பிள்’, காட்டிலேயே ஊறிய குடும்பம் என்று ஒரு குடும்பத்தை அறிமுகப்படுத்தியது. நிகழ்ச்சிக்கு முந்தைய சில ஆண்டுகளில் மாநிலத்துக்கு வெளியே வாழ்ந்துகொண்டே வசிப்பதாகச் சொல்லிப் பங்குத்தொகை கோரியதை, அக்குடும்பத்தின் தலைவரும் ஒரு மகனும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2016இல் மின்னணுக் கண்காணிப்புடன் 30 நாள் தண்டனை பெற்றார்கள். வீடு தேடும் வகை இல்லை என்றாலும் இந்த வழக்கு நமக்கு முக்கியம். கேமரா திருப்தியடைந்த இடத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் திருப்தியடையவில்லை.

இதெல்லாம் எங்கோ இருப்பவர்களின் சிக்கல் என்று நாம் ஒதுங்க முடியாது. மலையில் வீடு, தீவில் வீடு, காட்டோரம் வீடு என்று அதே இலக்கணத்தில் எடுக்கப்படும் காணொளிகள் இந்திய மொழிகளிலும் குவிகின்றன. ஆளில்லா வானூர்திக் காட்சி, மூடுபனி, விலை, கீழே ஒரு தொலைபேசி எண். இமாச்சலப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. மேகாலயத்தில் பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. லட்சத்தீவில் கால்வைக்கவே வெளியாருக்கு அனுமதி வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால், ‘இந்த இடம் யாருடையது’ என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்த மக்கள் இருக்கிறார்கள். ‘எந்த வீடு உங்களுக்குப் பிடித்தது’ என்று தொடங்கும் கதைவடிவம், அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே அதற்கு விடை சொல்லிவிடுகிறது: பணம் கொண்டுவருபவருடையது.

ஆய்வு மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு முறையியல் குறிப்பு. இந்நிகழ்ச்சிகளைத் தரவாக எடுப்பவர்கள் நான்கு அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வீடு இருக்கிறதா? வாங்கப்பட்டதா, எப்போது? தேர்வு இருந்ததா? இடம் எப்படிப்பட்டது? முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவதை ஆவணங்களால் ஓரளவு சரிபார்க்கலாம். மூன்றாவதைப் புனைவு என்றே கொண்டு தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நான்காவதற்கு நிகழ்ச்சியைச் சான்றாகவே கொள்ளக் கூடாது; நிலப்பதிவு, கணக்கெடுப்பு, அங்கே வாழ்பவர்களின் சொல் ஆகியவற்றிடம் போக வேண்டும். அதே வேளையில் பங்கேற்பாளர்களைப் பொய்யர்கள் என்று எழுதுவதும் தவறு. பார்க்கப்படுவதே ஓர் உழைப்பு என்று மார்க் ஆண்ட்ரெயெவிச் 2004இல் வாதிட்டார். தாங்கள் எடுத்த முடிவையே எடுக்காதது போல் நாள்கணக்கில் நடிக்கும் அந்த இணையர், அந்த உழைப்பைச் செய்பவர்கள். வடிவத்தை வகுத்தவர்கள் வேறு.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதன்று. ‘இவர்கள் இந்த வீட்டை முன்பே வாங்கிவிட்டார்கள்’ என்ற ஒரு வரியைத் தொடக்கத்தில் போடலாம். மர்மம் கெட்டுவிடும் என்பார்கள். எந்த வீடு என்னும் மர்மம் போகும். ஏன் வாங்கினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள், தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள், முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள், அங்கே முன்பே வாழ்ந்தவர்கள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்விகள் அந்த இடத்துக்கு வரும். மூன்று வீடுகளுக்கிடையே பொய்யாகத் தயங்குவதைவிட, ஒரு வீட்டில் மெய்யாக வாழ்வதில் கதை அதிகம். அதை எடுக்கப் படக்குழு கோடையில் ஒருமுறை போனால் போதாது. குளிர்காலத்தில் மறுபடி போக வேண்டியிருக்கும். செலவு அதில்தான் இருக்கிறது.